ஆடையும் நிலமும்: கஸ்தூர்பாய் லால்பாயின் தொழில் வாழ்வு

அருகன் திருவடி போற்றி!



தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு உழவர். மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தொழில் தொடங்க எண்ணுகின்றனர். அவர்கள் நாடும் துறைகளுள் முதன்மையானவை இரண்டு: ஆயத்த ஆடை வணிகம், வீட்டுமனை வணிகம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் இருமருங்கும் விளைநிலம் மனையாக மாறிவரும் காலம் இது. இக்காலத்தில் இளைஞர் கருத வேண்டிய ஒரு வாழ்வு, அகமதாபாத் கஸ்தூர்பாய் லால்பாயினுடையது.

அவர் 1894 டிசம்பர் 19 அன்று பிறந்தார். முகலாயர் காலத்தில் புகழ்பெற்ற மணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழித்தோன்றல். 1912-இல் தந்தை லால்பாய் தல்பத்பாய் திடீரென மறைந்தார். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த பதினேழு வயது மகன் படிப்பை விட்டு ராய்ப்பூர் ஆலைக்கு வந்தார். முதலாளியின் மகனாயினும், தொழிலாளர் வருகை நேரத்தைக் குறிக்கும் பணியே அவருக்கு முதலில் தரப்பட்டது. பின்னர்ப் பஞ்சு கொள்முதலைக் கையிலெடுத்தார். பஞ்சு விளையும் ஊர்களுக்கு நேரில் சென்று, தரமும் விலையும் அறிந்து வாங்கக் கற்றார். நூலாலையின் ஆதாயம் பஞ்சு வாங்கும் இடத்திலேயே பெரும்பாலும் உறுதியாகிவிடும் என்பதை இளமையிலேயே உணர்ந்ததால், முதல் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுத் துணி வரத்துக் குறைந்தபோது அவருடைய ஆலை உயர்ந்தது.

1931-இல் உலகெங்கும் பொருளாதார மந்தம். பலர் ஆலைகளை மூடத் தயங்கி நின்ற வேளையில், கஸ்தூர்பாய் தம் சகோதரர்களுடன் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் முதலில் அரவிந்த் ஆலையை நிறுவினார். இது துணிச்சல் மட்டுமன்று, கணக்கும் ஆகும். சுதேசி இயக்கத்தால் மக்கள் அந்நியத் துணியைத் துறந்தனர். ஆயினும் மெல்லிய உயர்தரத் துணிக்கான தேவை குறையவில்லை. உள்நாட்டு ஆலைகளில் பல தடித்த துணியிலேயே போட்டியிட்டன. அந்த வெற்றிடத்தை அரவிந்த் நிரப்பியது. சாயப்பொருளுக்கும் பிற நாட்டை நம்பியிருத்தல் கூடாதெனக் கருதி, 1947-இல் அதுல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் மறைவுக்குப் பின் அக்குழுமம் ஜீன்ஸ் துணியில் பெயர்பெற்றது. அரவிந்த் ஃபேஷன்ஸ் ஆடைத் துறையிலும், அரவிந்த் ஸ்மார்ட்ஸ்பேசஸ் வீட்டுமனைத் துறையிலும் இன்று இயங்குகின்றன.

இனி, சமூகச் சொத்தை அவர் காத்த முறையைக் காண்போம். முப்பது வயதை ஒட்டிய காலத்திலேயே அவர் ஆனந்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தின் தலைமையை ஏற்றார். சத்ருஞ்சய மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பொருட்டுப் பாலிதானா அரசுக்கு ஆண்டுதோறும் 15,000 ரூபாய் செலுத்தும் உடன்பாடு 1926-இல் முடிவுற்றது. அரசு ஆள்தோறும் வரி விதிக்க முற்பட்டது. சமணர் கலகம் செய்யவில்லை, யாத்திரையையே நிறுத்தினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தப் புனித மலை யாத்திரிகரின்றி இருந்தது. இறைவனைக் காணாதிருப்பது அடியார்க்கு எத்துணைத் துயர் என்பதை இவ்வவை அறியும். 1928-இல் சிம்லாவில் வைஸ்ராய் முன்னிலையில், ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் 35 ஆண்டுகளுக்கு உடன்பாடு ஏற்பட்டது. தொகை நான்கு மடங்காயிற்று. எனினும் தலைவரி ஒழிந்தது, வழிபாட்டு உரிமை நிலைத்தது. எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாது பற்றுவது என்ற தெளிவு அவ்வுடன்பாட்டில் விளங்குகிறது.

ராணக்பூர், தில்வாடா ஆலயங்களின் திருப்பணியும் அவர் தலைமையில் நடந்தது. பழஞ்சிற்பத்தின் அழகு கெடாதவாறு, பொருந்தும் கல்லையும் கைதேர்ந்த சிற்பியரையும் தேடி அப்பணி நிறைவேறியது. 1936-இல் அகமதாபாத் கல்விச் சங்கம் அமையத் துணைநின்றார். நகரின் மேற்கே அச்சங்கம் முன்கூட்டியே வாங்கிய நிலத்தில் கல்லூரிகள் எழுந்தன. 1961-இல் இந்திய மேலாண்மைக் கழகம் அந்நகரில் அமைந்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1969-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1980-இல் மறைந்தார்.

அவர் சுவேதாம்பர மரபினர். நம் குடும்பங்கள் திகம்பர மரபின. ஆயினும் இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்கள் இரு மரபுக்கும் பொது. அவற்றுள் பொருள் வரைதல், ஈட்டுவதைத் தடுப்பதன்று. தனக்கென வைத்துக்கொள்வதற்கு எல்லை வகுப்பது. அவ்வெல்லைக்கு மேற்பட்ட பொருள் உணவாகவும், மருந்தாகவும், கல்வியாகவும், அடைக்கலமாகவும் பிறரைச் சேர வேண்டும்.

திண்டிவனத்தில் துணிக்கடை திறக்கும் இளைஞர் சரக்கின் தரத்தை உள்ளவாறு உரைப்பதும், விழுப்புரத்தில் மனை விற்கும் இளைஞர் பத்திரத்தின் குறையை மறைக்காமல் கூறுவதும் பொய்யாமை விரதமே. முன்னோர் நிலத்தை விற்று முதலாக்குவோர், அவ்வூரின் ஜினாலயத்திற்கு அந்நிலம் அளித்துவந்த நெல்லையும் நினைக்க வேண்டும். விளக்கெரியச் செய்த வயல் மனையாகிவிட்டால், விளக்கிற்கு எண்ணெய் வார்க்கும் கடமை விற்றவர் தோளில்தான் நிற்கிறது. வரும் ஆதாயத்தில் ஒரு பங்கை ஆலயத்திற்கும், ஒரு பங்கை ஏழை மாணவர் கல்விக்கும் முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கும் வழக்கம் நம் இளைஞரிடம் வேரூன்றட்டும்.

அறத்தொடு பொருள் பெருகுக! ஜெய ஜினேந்திரா!