கடல் கடந்து தனியே செல்வோர்க்கு



கி.பி. 399-ஆம் ஆண்டில் பாகியான் என்னும் பௌத்தத் துறவி, தோழர் சிலருடன் சீனத்தின் சாங்கான் நகரிலிருந்து நம் நாட்டை நோக்கிப் புறப்பட்டார். வழியில் சிலர் திரும்பிவிட்டனர். பனிமலையைக் கடக்கையில் ஒருவர் உயிர் நீத்தார். இறுதிவரை உடன் வந்தவரும் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். இலங்கையின் அநுராதபுரத்தை அடைந்தபோது பாகியான் தன்னந்தனியராக இருந்தார். அங்கே அபயகிரி விகாரையில், பச்சை மணிக்கல்லாலான புத்தர் திருவுருவின் முன், வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைக்கக் கண்டார். தம்மை அறியாமல் கண்ணீர் பெருகிற்று என்று அவரே தம் பயண நூலில் எழுதியுள்ளார்.

விசிறியைப் பலரும் பார்த்திருப்பர். அது தம் ஊர்ப் பொருள் என்று அறிந்தவர் அவர். அயல்நாட்டுக்குத் தனியே செல்கிறவனுக்கு இந்த அறிதல்தான் வழித்துணை.

இக்காலத்தில் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டியின் கொடிக்குப் பின்னே நடந்து, ஐந்து நாளில் மூன்று நாடு பார்த்துத் திரும்புவோர் உண்டு. முதியோர்க்கு அது வசதிதான், குறை கூறேன். ஆனால் மாணவர்க்கு ஏற்ற முன்மாதிரி வேறு. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், முப்பது வயது நிரம்புமுன், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி 1937 முதல் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். அவர் உருவாக்கிய படம் 1940-இல் வெளிவந்தது. எதைத் தேடிச் செல்கிறோம் என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

திண்டுக்கல் மாணவன் ஒருவன், முதன்முதலாகக் கடல் கடந்து எங்கே செல்லலாம் என்று என்னைக் கேட்டால், பொலன்னறுவைக்குப் போ என்பேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிற்று. பொலன்னறுவையில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். இடிபாடுகளிடையே அதைவிட நல்ல வாகனம் இல்லை.

அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிவன் கோயிலைக் காணுங்கள். அடி முதல் முடி வரை கல்லாலாகிய சோழர் கோயில். சுவரில் அதிராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. இவ்வூர் அக்காலத்தில் சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றுச் சோழரின் தலைநகராய் இருந்தது. கண்டவுடன் நெஞ்சு விம்மும், விம்மட்டும். ஆனால் பழந்தலைநகராகிய அநுராதபுரம் பாழ்பட்டதும் சோழர் படையெடுப்பினால்தான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சிங்களரின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சம் வருத்தத்தோடு கூறுகிறது. இதை அறியாமல் போகும் தமிழ் மாணவன் பாதி வரலாற்றையே பார்த்தவனாவான்.

மறுபாதியும் அவ்வூரிலேயே இருக்கிறது. 1070-இல் முதலாம் விசயபாகு சோழரிடமிருந்து நகரை மீட்டான். புத்தரின் தந்தத்துக்குக் கோயில் எழுப்புவித்தான். அவனுக்குப் பின், 12-ஆம் நூற்றாண்டில், வேளைக்காரர் என்னும் போர்வீரர்கள் அக்கோயிலையும் அதைச் சார்ந்த நிலங்களையும் பணியாளரையும் உயிர் கொடுத்தும் காப்போம் என உறுதி மொழிந்து கல்லில் வெட்டுவித்தனர். பௌத்த ஆலயத்துக்கு அளித்த அந்த உறுதிமொழி தமிழில் இருக்கிறது. கோயிலைத் தொட்டுப் படமெடுத்துக்கொண்டு, இக்கல்லின் முன் நில்லாமலே திரும்புவோர் பலர்.

நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். சோழர் காலத்துக் கல்லெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். பத்து எழுத்துகளை முன்பே பழகியவனுக்கு அக்கல் பேசும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்த உங்களுக்குச் சாவியின் அருமையை நான் சொல்ல வேண்டுமா! பழகும் இடம் நம் ஊரிலேயே உண்டு. ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயிலேறுமுன், குறிப்பேட்டுடன் மலைக்கோட்டைக்குச் செல்லுங்கள். மதுரை நாயக்கர் எழுப்பியது, 1755-இல் இங்கு வந்த ஐதர் அலியின் காலத்தது, 1790-இல் கோட்டையைக் கைப்பற்றிய கும்பினியாரின் காலத்தது எனச் சுவர்களைப் பிரித்தறிய முயலுங்கள். செங்கல்லையும் கருங்கல்லையும் அளந்து படம் வரையுங்கள். மலைக்கோட்டையை இவ்வாறு பாராதவன் பொலன்னறுவையிலும் கல்லைத்தான் பார்ப்பான்.

நடைமுறை ஒன்றிரண்டு. பாஸ்போர்ட்டு, விசா ஆகியவற்றின் படியொன்றை வீட்டாரிடம் வைத்துச் செல்லுங்கள். அன்றன்று தங்குமிடத்தைத் தெரிவியுங்கள். தனிப்பயணம் என்பது சொல்லாமற் போவது அன்று. கல்விகாரையில் ஒரே பாறையில் குடைந்த புத்தர் உருவங்கள் உள்ளன. கிடந்த திருவுருவம் ஏறத்தாழ 46 அடி நீளம். அங்கே காலணியும் தொப்பியும் கழற்ற வேண்டும். திருவுருவுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் கூடாது. 1983 முதல் 2009 வரை போரால் துன்புற்ற நாடு அது. யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும், நாம் பேசுவதினும் அவர்கள் சொல்வதை மிகுதியாகக் கேட்பது நலம்.

திரும்பும் வழியில் கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலைக்குச் செல்லுங்கள். 1911-இல் காலித் துறைமுக நகரில் கண்டெடுத்த கற்பலகை ஒன்று அங்கே உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங்கோ கொணர்ந்தது, 1409-ஆம் ஆண்டினது, பாகியான் அழுத நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. அதில் சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாம் சார்ந்தது. மூன்றாம் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்குச் சீனப் பேரரசர் அளித்த பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அப்பகுதி தமிழில் உள்ளது.