திறந்த காருக்கு நிரந்தரக் கூரை: டிங்கர் கடைக்குப் போகும் முன்...
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கூரையைப் பற்றிப் பேசப் போகிறேன். வீட்டுக் கூரை இல்லை, கார் கூரை.

நெட்டப்பாக்கத்திலும் மடுகரைப் பக்கத்திலும் ரெக்சின் கூரை போட்ட ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. நம் நகரில் ஒரு வீட்டில் தாத்தா காலத்துத் திறந்த கார் ஒன்றும் நிற்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பிறகு, இந்த வண்டிக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, தகரம் அடித்து நிரந்தரமாக மூடிவிடலாமா?" ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கே பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

திறந்த காரை மூடிய காராக மாற்றியதற்கு நல்ல உதாரணம், நம் வண்டலூரோடு உறவுள்ள ஒரு குடும்பத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் இருக்கும். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்த கார். அதன் மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் வந்தது. தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பாடி. கூரையும் போல்ட்தான். அதனால்தான் ஒரே அடிப்பாகத்தில் மூடிய கார், கூபே, திறந்த கார் என்று மூன்று வகை போட முடிந்தது.

அந்தச் சேஸிஸைக் குட்டையாக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு நிரந்தரக் கூரை போட்டுப் பார்க்கச் சொல்லி மிக்கெலோட்டியிடமே கொடுத்தார்கள். பார்க்க அழகாக வந்தது. ஓட்டினால் இழுக்கவில்லை. கூடிய எடையை 1147 சிசி இன்ஜினால் சுமக்க முடியவில்லை. திட்டத்தை ஓரம் கட்டினார்கள். ஆனால் அந்தக் கூரையின் வடிவத்தை ஃபைபரில் எடுத்துப் பந்தயக் கார்களில் மாட்டினார்கள். எடை குறைவு, காற்றும் வழுக்கிக்கொண்டு போகும். 1965 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் 13, 14ஆம் இடங்களில் வந்து, தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. 1966இல் 1998 சிசி, ஆறு சிலிண்டர் இன்ஜினோடு ஜிடி6 என்ற பெயரில் மூடிய கார் விற்பனைக்கு வந்தது.

அதோடும் முடியவில்லை. 1968இல் பின்பக்கச் சஸ்பென்ஷனைத் திருத்த வேண்டி வந்தது. உள்ளே காற்றோட்டத்தையும் கூட்ட வேண்டி வந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: கூரை என்பது கூரை மட்டும் இல்லை. அதைத் தொட்டால் இன்ஜின், சஸ்பென்ஷன், காற்றோட்டம் எல்லாவற்றையும் தொட வேண்டும். பெரிய கம்பெனிக்கே வருடக்கணக்கில் ஆனதை, ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

வேலை எங்கே கெடும்? செருப்பு அட்டைப்பெட்டியை மூடியில்லாமல் முறுக்கிப் பாருங்கள், கோணும். திறந்த வண்டியும் குண்டு குழியில் அப்படித்தான் லேசாக முறுகும். அதன்மேல் விறைப்பான தகரக் கூரையை வெல்டு வைத்தால், முறுக்கம் முழுவதும் கண்ணாடிச் சட்டத்தின் மூலைகளில் போய் விழும். அங்கே வெல்டு பிளக்கும், முன் கண்ணாடி விரியும். எடை உச்சியில் ஏறுவதால் வளைவில் வண்டி சாயும். மழைநீர் வடிய வழி வைக்காவிட்டால் பட்டிக்கு அடியில் துரு பிடிக்கும். சித்திரை வெயிலில் உள்ளே இட்லிப் பானைதான்.

இனி சட்டம். இதுதான் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. பாடி வகையும் ஆர்.சி.யில் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது மத்தியச் சட்டம். மடுகரை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனாலும் இதேதான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போகிறதா என்றுதான்.

தாத்தா கார் வைத்திருக்கும் தம்பிக்கு இன்னொரு செய்தி. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். ஆனால் நிபந்தனை உண்டு: சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். இன்று கூரையை வெல்டு வைத்தால், அந்த வாய்ப்பையும் உங்கள் கையாலேயே மூடிவிடுகிறீர்கள். அந்த வண்டிக்கு மதிப்பே அது திறந்த வண்டி என்பதில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் மழைக்கு என்ன செய்வது? நல்ல கேன்வாஸில் புதுக் கூரை தைத்துப் போடுங்கள். கதவு ரப்பர் பீடிங்கை மாற்றுங்கள். தரையிலுள்ள வடிகால் துளைகளின் அடைப்பை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை ஷெட்டில் நிறுத்துங்கள். கழற்றி மாட்டும் ஃபைபர் கூரைதான் வேண்டும் என்றால், போக்குவரத்துத் துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் போக்குவரத்துத் துறையிலிருந்து ஒருவரை அழைத்தால், ஜீப் வைத்திருப்பவர்கள் நேரில் கேட்டுக்கொள்ளலாம். அதுவரை யாரும் வெல்டிங் கடைக்குப் போக வேண்டாம். ஞாயிறு காலையில் வண்டியோடு என் வீட்டுக்கு வாருங்கள். துரு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், காபி நானே தருகிறேன்.