மலையேற்றமும் அறப்பணியும்
(தெல்தெனியவில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நம் இளைஞர் சிலர், நக்கிள்ஸ் மலையில் ஏறித் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்ட எண்ணியுள்ளனர். "கொடுக்க மனமுள்ளவன் வீட்டிலிருந்தே கொடுக்கலாமே, மலை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

ஆபிரிக்காவிலுள்ள கிளிமஞ்சாரோ மலை 5,895 மீற்றர் உயரமானது. நமது பிதுருதலாகல மலையை இரண்டாக அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது. உச்சியில் பனி, மூச்சுக்குக் காற்றுப் போதாது. 2009 மார்ச் மாதத்தில் பாடகர் காரி பார்லோ முதலாகக் கலைத்துறையினர் ஒன்பது பேர் அறப்பணிக்காக அதில் ஏறினர். ஒன்பதின்மரும் உச்சியை அடைந்தனர். முப்பது இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. ஆபிரிக்க மக்களை மலேரியாவிலிருந்து காக்கும் நுளம்பு வலைகளுக்காகவே அந்த முயற்சி.

நுளம்பு வலைக்காகவா இவ்வளவு பாடு என்று நாம் கேட்கலாகாது. 1934 இல் நம் நாட்டில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாய்த் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலும் மிகுதியாகத் துன்புற்றன. 2016 செப்டெம்பரிலேதான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வலையின் அருமை நமக்குத் தெரியும்.

சரி, மலை எதற்கு? கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோருக்கு வழியிலுள்ளவர்கள் நீரும் மோரும் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கேட்டுக் கொடுப்பதில்லை; நடந்து வருகிறவனின் பாதத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். தன் உடலை வருத்துகிறவனைக் கண்டால் பிறர் கை தானே நீளும். மலையேறுவோருக்கும் இதுவே துணை. 2011 யூலையில் நண்பர்கள் சிலர் முன்னின்று, தெற்கே தெவிநுவரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் சுமார் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கே அந்நடை. போர் ஓய்ந்து இரண்டே ஆண்டு! சிங்கள ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் மக்கள் கூடச் சேர்ந்து நடந்தார்கள். உண்டியல் மாத்திரம் சுற்றி வந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கிளிமஞ்சாரோவில் ஏறுவோரின் கூடாரத்தையும் உணவையும் அவ்வூர்க் கூலியாட்களே தலையிற் சுமக்கின்றனர். ஏறுகிறவர் ஒருவருக்குச் சுமப்பவர் இருவர் மூவர். நல்ல சப்பாத்தும் கம்பளியுமின்றிக் குளிரில் ஏறியவர்கள் பலர். அவர்களுடைய கூலியையும் சுமையையும் கவனிக்க 2003 இல் ஓர் அமைப்பே தோன்ற வேண்டியதாயிற்று. படத்தில் நிற்பவர் ஒருவர், பாரம் சுமந்தவர் இன்னொருவர்! நம் ரங்கலைப் பக்கத்துச் சரிவுகளில் நம் தாய்மாரும் சகோதரிகளும் நாள்தோறும் கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்குகிறார்கள். அதற்கு எவரும் கைதட்டுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் போகும் நாம், நமது மூட்டையை அவர்கள் வீட்டுப் பையன் தலையில் ஏற்றலாமா?

ஆகையால் இளைஞர்களே, போய் வாருங்கள் என்றே சொல்லுகிறோம். பஸ் கட்டணமும் சோற்றுச் செலவும் உங்கள் சட்டைப்பையிலிருந்து போகட்டும். திரட்டிய பணத்தில் ஒரு சதமும் அதற்கு எடுக்க வேண்டாம். வழிகாட்டி வந்தால் பேசிய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். வரவு செலவை அடுத்த மலரில் அச்சிடுவோம். பெரியவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். இன்னுமொன்று: அது பாதுகாக்கப்பட்ட காடு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது, ஆகையால் விடியுமுன் புறப்படுங்கள். அட்டைக்கு உப்பு கொண்டுபோக மறவாதீர்கள்.