காதுக்கவசத்தில் பாட்டு



புல்வெட்டும் இயந்திரமானாலும், செம்பனை ஆலையானாலும், பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டையானாலும், இரைச்சல் நம்மவரை விடுவதில்லை. கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், இரைச்சல் 85 டெசிபலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு அதுவே எல்லை. அதைத் தாண்டினால் முதலாளி காதுக்கவசம் தரவேண்டும், செவிச்சோதனையும் செய்விக்கவேண்டும்.

உட்செவியில் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இப்போது பாட்டுப் பாடும் காதுக்கவசங்களும் கடைக்கு வந்துள்ளன. சலிப்பின்றி வேலை செய்யலாமே என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் காதைக் காப்பது பாட்டன்று. காதைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் மெத்தையே. பாட்டும் ஒலிதானே! ஆகவே பாட்டின் ஒலி 82 டெசிபலுக்கு மேல் ஏறாதபடி கட்டுப்படுத்தப்பட்ட கவசத்தையே கேட்டு வாங்குவோம்.

கைப்பேசியின் சாதாரண ஒலிச்செருகி கவசமாகாது. இயந்திர இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியைக் கூட்டினால், காதுக்கு இரட்டைச் சுமை. ஒலி மூன்று டெசிபல் ஏறினால் தாங்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டே மணி.

லாரி பின்வாங்கும் இடத்திலும், குலை வெட்டும் இடத்திலும் பாட்டு வேண்டாம். "விலகு!" என்னும் குரல் காதில் விழவேண்டும், அங்கே அதுவே உயிரைக் காக்கும்.

கிழிந்த மெத்தையை மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேட்போம்.