உதிர்ந்த இலை எங்கே போகிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். நான் குப்பையைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். குப்பைக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. கால் வைத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும்படி தரையே மூடிப்போகிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக உதிர்ந்த இலையெல்லாம் அப்படியே கிடந்திருந்தால், பால் வெட்டும் பட்டைகூட மூடிப்போயிருக்கும்! அந்த இலையெல்லாம் எங்கே போயிற்று?

"மக்கி மண்ணாப் போச்சு" என்று இங்குள்ள தாய்மார்கள் உடனே சொல்வீர்கள். சரியான விடை. ஆனால், மக்க வைத்தது யார்?

முதலில் மரவட்டையும் கறையானும் மண்புழுவும் வருகின்றன. இலையையும் சுள்ளியையும் கடித்து, தின்று, பொடியாக்குகின்றன. அடுத்து, முடியைவிட மெல்லிய நூல்களாகப் பூஞ்சை பரவுகிறது. மழைக்குப் பின் கட்டையில் முளைக்கும் காளான், அந்தப் பூஞ்சையின் வித்துகளைப் பரப்பும் பகுதிதான். அதன் உடம்பு கட்டைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றை அறிவியலில் சிதைப்பிகள் என்பர். இலைக்குள் பூட்டிக் கிடந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து யாவும் இவற்றின் உழைப்பால் மண்ணில் கரைகின்றன. வேர் அதை உறிஞ்சுகிறது. மரம் மறுபடி துளிர்க்கிறது.

நம் நாட்டுக் காடுகளும் இப்படித்தான் பிழைக்கின்றன. கனத்த மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டே போகிறது. உதிர்ந்ததை உடனுக்குடன் மக்க வைத்து மரத்துக்கே திருப்பித் தருவதால்தான் காடு செழித்து நிற்கிறது.

எல்லாப் பூஞ்சையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மாவும் பூஞ்சைதான். ஒரு நோயைக் கண்டு, மண்ணில் உள்ள கோடிக்கணக்கான உழைப்பாளிகளை வெறுத்துவிடலாமா?

பெற்றோர்களே! "சீ, புழுவைத் தொடாதே! படிக்கிற பிள்ளைக்கு மண்ணுல என்ன வேலை?" என்று அதட்டுகிறோம். பிள்ளையோ அறிவியல் நூலில் அதே புழுவை மனப்பாடம் செய்கிறது. செம்பனை மட்டைகளை வெட்டி வரிசையாக அடுக்கும் தந்தையும், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்பும் தாயும் செய்வது இந்த அறிவியலைத்தான். அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "நம்ம வேலை வெறும் கூலி வேலை" என்று நாமே தாழ்த்திச் சொன்னால், அப்பா அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே பிள்ளை நினைக்கும்?

இன்னொன்று. வாசலைக் கூட்டி, "கொளுத்திப் போட்டா வேலை முடிஞ்சிடும்" என்கிறோம். முடிவதில்லை. தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடுகிறது. மிஞ்சிய சாம்பலை மழை அடித்துச் செல்கிறது. புகை நம் பிள்ளைகளின் நெஞ்சில் தங்குகிறது. 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டத்தை மறந்தோமா? திறந்த வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

மாணவர்களே, வீட்டுக்குப் போய் ஒன்று செய்யுங்கள். கொல்லையில் ஒரு சாண் ஆழத்தில் மூன்று குழி தோண்டுங்கள். ஒன்றில் வாழைப்பழத் தோல், ஒன்றில் ரப்பர் இலை, ஒன்றில் பிளாஸ்டிக் பை. மண் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். எது மறைந்தது, எது நரம்பானது, எது போட்டபடியே கிடக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள். பிறகு சமையல் கழிவையும் சருகையும் அதே கொல்லையில் மக்க வைத்து, ஒரு கத்தரிச் செடியாவது நடுங்கள்.

மண்ணிலிருந்து வாங்கியதை மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும். மண்புழு கற்றிருக்கும் இந்தப் பாடத்தை நாமும் கற்றுக்கொள்வோம். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு என் ஊக்கம். அடுத்த ஆண்டு மேடை உங்களுக்கு!