ஆறுமணிக் குருவி



புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் இந்நாள்களில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திற்கு வடக்கேயிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். அய்யனார் கோவில் ஓடைப் பாறைகளில் வாலை ஆட்டியபடி நடக்கும் சாம்பல் வாலாட்டி, இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருவது. கண்மாய்களுக்கு மேலே தகைவிலான்கள் பூச்சி பிடித்துப் பறக்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது ஆறுமணிக் குருவியைப் பற்றி.

மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். பச்சை முதுகு, நீலச் சிறகு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணருகே மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. இந்தியில் 'நவரங்' என்பார்கள். இத்தனை நிறம் இருந்தும் எளிதில் கண்ணில் படாது. மரத்தடிச் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் விசிலடிப்பதுபோல் கூப்பிடும். பெயர் வந்தது அப்படித்தான். நம் ஆலயங்களில் மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கும் நேரமும் அதுவே. தோப்புப் பக்கம் வீடு உள்ளவர்கள், மணியோசை நின்றபின் ஒரு நிமிடம் காது கொடுத்துப் பாருங்கள்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறது. சில இலங்கை வரை போகின்றன. களைத்துப்போனவை வீட்டு முற்றத்திலும் மாடியிலும் விழுந்து கிடப்பதுண்டு. அப்படிக் கண்டால், பூனைக்கும் காக்கைக்கும் எட்டாமல், துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துவிடும். தெளிந்ததும் புதர் ஓரம் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் அடைக்கச் சட்டமும் இடம் தராது.

மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் பறவைகளைப் பார்க்கும்படி ஆண்டவர் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் உற்றுப் பார்ப்பதைக் குறிக்கும். உற்றுப் பார்த்தால் கேள்வி வரும்: இது எங்கிருந்து வந்தது? வழியில் என்ன பாடுபட்டது?

அதே வடக்கிலிருந்து நம் நூற்பாலைகளுக்கு வேலை தேடியும் பிள்ளைகள் வருகிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வருபவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்பார்கள். தமிழ்ப் பாட்டு தெரியாது. நற்கருணை வாங்கிவிட்டு அமைதியாகப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் நாம் வைத்திருப்பது ஒரே பெயர்: 'வடக்கத்திப் பையன்'. விழுந்த குருவிக்குப் பெட்டி தேடும் நல்ல மனம் நமக்கு உண்டு. இவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அன்னியரை ஏற்றுக்கொண்டீர்களா என்பது, மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி, தீர்ப்பு நாளில் வரும் கேள்வி. செப்டம்பர் கடைசி ஞாயிற்றைக் குடிபெயர்ந்தோருக்கென்று திருச்சபை ஒதுக்கியிருந்தாலும், பல பங்குகளில் அது ஓர் அறிவிப்போடு முடிந்துவிடுகிறது.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களில் ஒருவரை நிறுத்திப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். மொழி தடுமாறினால் கைப்பேசியில் இந்தக் குருவியின் படத்தைக் காட்டுங்கள். கோடையில் அது கூடு கட்டுவது அவர் ஊர்க் காட்டில்தான். அங்கே அதை எப்படி அழைப்பார்கள் என்று அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்.