நடுவர்முன் முதல் நாள்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு மாணவன்மீது புகார் வந்தால் அவன் சொல்வதையும் கேட்ட பின்பே முடிவு செய்வேன். நீதிமன்றமும் அவ்வறத்தின்மேல் நிற்பதே. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு.

தாம்பரத்தில் ஓர் இளைஞர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைதின் காரணத்தை அவருக்கு அறிவித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தரும் காப்புகள். தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறுமாறு அவரை வற்புறுத்தலாகாது என்பது 20ஆம் பிரிவு.

நடுவர்முன் அவருக்காகப் பேசுவோர் யார்? பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகள் பலரின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை 1980இல் வெளிவந்தது. அவர்களுக்கு ஏன் வழக்கறிஞர் அமர்த்தவில்லை என்ற வினாவுக்கு, 'அவர்கள் கேட்கவில்லை' என்பதே விடையாயிற்று. உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உரிமை உண்டென்றே அறியாத ஏழை எங்ஙனம் கேட்பார்? முதன்முறை நிறுத்தும்போதே இலவசச் சட்ட உதவி உண்டென அவருக்கு எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்று தீர்ப்பளித்தது.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ளவர் வருமான வரம்பின்றி இவ்வுதவி பெறலாம். தொலைபேசி எண் 15100.

ஆதலின், தெரிந்த குடும்பம் ஒன்று அந்நிலைக்கு ஆளானால், நகையை அடகு வைக்க ஓடுமுன் இதனைச் சொல்லுங்கள். கைதானவர், "எனக்கு வழக்கறிஞர் வேண்டும்" என்று நடுவரிடம் அஞ்சாமல் கேட்கட்டும். அது இரப்பு அன்று, உரிமை.